கொடுங்கோலனுக்கு அர்த்தம்

லண்டனில் முடிசூட்டு விழா நடந்த வருஷம், இலங்கையில் பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் ஒன்று நடக்க இருந்தது. ஒரே வித்தியாசம், லண்டனில் பரீட்சை கிடையாது.

எங்கள் திருவிழாவில் வருஷா வருஷம் 'வீரகேது மகாராசா நாடகம்' ஆடுவார்கள். யாருடைய பாட்டனோ இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. அதிலுள்ள தமிழ் கப்பல் ஏறும்போதே பழையது. ராசா வேஷக்காரன் கிரீடம் கட்டுமுன் சபை நடுவே நின்று, வாத்தியார் கந்தப்பன் கேட்கும் வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் கிரீடம் அடுத்தவனுக்கு.

சோலைமலை பல வருஷமாக அந்த நாடகத்தில் குதிரையின் பின்கால். உலகத்தை அவன் பார்த்ததெல்லாம் முன்கால் மூக்கனின் இடுப்புக்குப் பின்னாலிருந்துதான். பழைய ராசா முழங்கால் வலியென்று ஒதுங்கியதும், இரண்டு கால்களும் கிரீடம் கேட்டன.

"மொத வாய்ப்பு சோலைமலைக்கு, தவறினா மூக்கனுக்கு" என்றார் வாத்தியார். "அகராதி ஒப்பிக்க வேணாம். வார்த்தை என்னான்னு புரிஞ்சிருந்தாப் போதும்."

ஒத்திகையில் அவர் சொன்ன அர்த்தங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேருமுன்பே சோலைமலைக்கு மறந்துபோயின. ஒத்திகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த மனைவி நாகலெட்சுமி வழி சொன்னாள்.

"ஏங்க, சும்மா மென்னுக்கிட்டே இருக்க அது என்னா வெத்தலையா? ஒவ்வொரு வார்த்தையையும் தோட்டத்துல எதுலயாச்சும் கட்டிப்போடுங்க."

கட்டினார்கள். செங்கோல், கங்காணி கையிலுள்ள கம்பு. முரசு, விடியலில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு அடிக்கும் தப்பு. அந்தப்புரம், வேலைக்குப் போகுமுன் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா. அமைச்சர், கணக்கப்பிள்ளை. மாற்றார் என்றால் எதிரிகள். தண்ணீர் பிடிக்கும் பீலியில் நமக்கு முன்னால் குடம் வைத்தவர்கள். கொடுங்கோலனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'குடிகளை வதைக்கும் மன்னன்' என்று நாகலெட்சுமி சொல்லி முடிப்பதற்குள், லயமே தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரப் பெரிய தொரையின் பங்களாப் பக்கம் கையை நீட்டியது.

அதன்பின் தொற்று பரவியது.

"அடியே மாற்றாரே, குடத்த நகட்டுடி!" என்று பீலியில் பேச்சியம்மா கத்தினாள்.

"புள்ளைய அந்தப்புரத்துல விட்டுட்டு வாறேங்க" என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு அழகம்மா ஓடினாள். கணக்கப்பிள்ளையை எல்லோரும் 'அமைச்சரே' என்றார்கள். அவர் மறுக்கவில்லை.

திருவிழா அன்று பொழுது சாயும் நேரம் முதல் வரிசை நாற்காலியில் பெரிய தொரை, கழுத்தில் மாலையோடு. பக்கத்தில் கணக்கப்பிள்ளை. மேடை ஓரத்தில் மூக்கன் நம்பிக்கையோடு முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தான்.

"செங்கோல்?" என்றார் வாத்தியார்.

சோலைமலை வாயைத் திறப்பதற்குள் சபை பதில் சொன்னது. "கங்காணி கம்பு!"

"முரசு?"

"பெரட்டுத் தப்பு!"

"யோவ், பரீட்சை அவனுக்கா, ஒங்களுக்கா? வாய மூடுங்கய்யா! கடைசியா ஒண்ணு. கொடுங்கோலன்?"

இப்போது யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. கைக்குழந்தைகள்கூட அடங்கிவிட்டன.

சோலைமலை தொரையைப் பார்த்தான். தொரை அன்பாகச் சிரித்தார். மன்னன், குடிகள் என்று வாத்தியார் சொன்ன அர்த்தமெல்லாம் பங்களாவுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டது. அந்தப் பங்களாவைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.

"அண்ணனுக்கு வாலு ஆட்டத்தான் தெரியும் வாத்தியாரே" என்றான் மூக்கன். "கிரீடத்த இங்கிட்டு குடுங்க."

அது போதுமாயிருந்தது.

"நம்ம பெரிய தொரைங்க!" என்று சோலைமலை கத்தினான்.

தொரைக்குத் தோட்டத் தமிழ் கொஞ்சம் தெரியும். தன் பெயர் அடிபட்டதும் கணக்கப்பிள்ளையிடம் திரும்பினார். "என்னா சொல்றான்? என்னா வார்த்தை அது?"

ஒரு மாதமாக அமைச்சராக இருந்தவர், அமைச்சர் வேலையைச் செய்தார்.

"கொடுங்கோலன்னா ரொம்பப் பெரிய ராசாங்க, தொரை. அவரு வச்சதுதான் சட்டம்."

இதில் பொய் என்று எதுவும் இல்லை.

தொரை எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். சபையைப் பார்த்து நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

"நான் கொடுங்கோலன்!"

அவ்வளவு ஒருமனதான கைதட்டலை அவர் வாழ்நாளில் வாங்கியிருக்க மாட்டார். நாகலெட்சுமி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் சரிந்தாள்.

"அவரே ஒத்துக்கிட்ட பொறகு தப்புன்னு சொல்ல நான் யாரு?" என்றார் வாத்தியார். அவர் சிரித்துக்கொண்டே கட்டிய கிரீடம் ஒரு காதுப் பக்கம் சரிந்தது. சோலைமலை அதை நிமிர்த்தவில்லை. தொட்டால் யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் வரியைப் பாட வாயைத் திறந்தான்.