கழற்றாத பனியன்

பனியனின் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான் வேலுமணி. அதை மேலே உருவப் பார்த்தவன் ராசப்பன், பெரியப்பா மகன்.

"எழவூட்டுக்குப் போட்டுட்டு வார துணியாடா இது?"

கேட்டதில் தப்பில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரன் டி-ஷர்ட் என்று சொல்லித்தான் விற்றான். ஊர் வாய்க்கு எல்லாம் பனியன்தான். கறுப்புத் துணி. நெஞ்சு முழுக்க வெளுத்த ஒரு முகம், இரண்டு கோரைப்பல், அதிலிருந்து தொப்புள் வரைக்கும் ஒழுகும் ரத்தம். ஏதோ இங்கிலீஷ் பேய்ப்படத்தின் முகம். அவன் வாசலில் காலை வைத்ததுமே ஒப்பாரி பாதியில் நின்றுபோனது. ஒரு குழந்தை வீறிட்டது. பந்தல் மூலையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

வேலுமணிக்குக் காது மடல் சுட்டது. கட்டிலில் கிடந்த அப்பா சென்னியப்பனின் முகத்தை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அப்பா போய்விட்டார் என்ற தந்தி நேற்றுத்தான் வந்தது. கர்நூல் பக்கம் ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். படித்ததும் யாருக்கும் காட்டாமல் கசக்கினான். பெரியப்பா போய்விட்டார் என்று மேனேஜரிடம் சொன்னான். போட்டிருந்த துணியோடு லாரி மாறி, பஸ் மாறி, இந்தப் பங்குனி வெயிலில் மல்லசமுத்திரம் வந்து இறங்கினான்.

ஒற்றை மகன். கிணற்றடியில் குளித்து, வெற்று மார்போடு கொள்ளிக்குடம் தூக்க வேண்டியவன். பனியனோடு தூக்குகிறேன் என்று முனகினான். பெரியவர்கள் முகம் கோணியது. துண்டைப் போர்த்திக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தான். அதுவும் நடக்கவில்லை.

"அப்பனை விடப் பேய் பெருசாப் போச்சாட்டம் இருக்குது," என்றான் ராசப்பன். "குடத்தை இங்க குடுங்க. சித்தப்பனுக்கு நானே கொள்ளி வெக்கறேன்."

குடம் கை மாறியது. அதைப் பார்த்த அம்மா பாவாயி, பிணத்தின் காலடியிலிருந்து எழுந்து வந்தாள்.

"கழட்டிரு சாமி. உன்ற கையால போகோணும்னுதான் அந்த மனுசன் சொல்லிட்டே கெடந்தாரு."

அவன் பிடியை விட்டான். கழற்றினான்.

இடது மார்பில் மெஷினில் குத்திய பச்சை. ஒரு தாமரைப்பூ, அதன் கீழே இரண்டு வரி. தங்கை சாரதாமணி மேல் வரியை வாய்விட்டுப் படித்தாள்: "அப்பா சென்னியப்பன்."

பாவாயி அழுதுகொண்டே அந்த எழுத்தைத் தடவினாள். எம்பட மகனுக்கு எத்தனை பாசம் பாருங்க என்று கூட்டத்திடம் சொன்னாள். கோபப்பட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராசப்பன் குடத்தை நீட்டினான். வேலுமணி வாங்கவில்லை.

"கீழ என்னமோ எழுதியிருக்குதே, அதென்ன கண்ணு?" என்று மகளைக் கேட்டாள் பாவாயி.

சாரதாமணி அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா செத்த தேதி, ஆத்தா," என்றான் வேலுமணி. "மூணு வருசத்துக்கு முந்தின தேதி. ரிக்குல சாவுன்னாத்தான் லீவு. சேலத்துல இந்தப் பேய்ப்படம் பாக்கறதுக்காக அப்படிப் பொய் சொன்னேன். திரும்பிப் போனதும் கூட இருக்கறவங்க பாவப்பட்டுக் குத்தியுட்டாங்க."