யார் எங்கே உட்கார்ந்தார்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அம்மா, கைப்பிடி வைத்த மர நாற்காலியில். அம்மாவின் தங்கையான சித்தி, சுவரோரக் கட்டிலின் விளிம்பில், ஒரு கையைச் சுவரில் ஊன்றியபடி. பெரியவள், கழிப்பறைக்குப் போகும் வழியை ஒட்டிப் போட்ட ஸ்டூலில். பேருந்து ஓட்டுநரான அவள் கணவர், வாரம் முழுக்க உட்கார்ந்தே சாகிறவனுக்கு நிற்பதுதான் ஓய்வு என்று சொல்லிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். சின்னவள் தரையில், சம்மணம் போட்டு. நடுவில் மெத்தை சோபா ஒன்று காலியாகக் கிடந்தது.

பெரியவளின் மடியில் ஒரு பலகை, அதன்மேல் வெள்ளைத்தாள். எழுத வேண்டியது ஒரு கடிதம். அது ஒழுங்காக அமையாவிட்டால் அவளுக்கு வேலை போய்விடும்.

சீருடை தைக்கும் ஆலையில் கடைசி மேஜை அவளுடையது. தைத்து வரும் சட்டைகளின் காலரைத் திருப்பி, தையல் பிசகு உண்டா என்று பார்த்துத் தள்ள வேண்டும். நின்றபடிதான் பார்க்க வேண்டும். காலையில் கட்டையாக இருக்கும் கால்கள் மாலையில் கல்லாகிவிடும். அதைக்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடுவாள். கழிப்பறை விஷயத்தில்தான் பல்லைக் கடித்துப் பயனில்லை. ஒரு வரிசைக்கு ஒரே அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர்தான் போகலாம். அட்டை வேறொருத்தி கழுத்தில் இருந்தால், அவள் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரியவளால் காத்திருக்க முடியாது. அவசரம் என்பது அவளுக்கு வருவதற்கு முன்பே வந்துவிடும்.

இதற்கு அந்த வீட்டில் ஒரு சொல் உண்டு: ரயில். ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலை பார்த்த சித்தி உண்டாக்கியது. கடைவீதியில் ஒருத்தி “ரயில்” என்றால் போதும், மற்றவர்கள் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வழி பார்ப்பார்கள்.

ரயில் வந்த ஒரு மத்தியானம் பெரியவள் அட்டையில்லாமல் ஓடினாள். அடுத்த வாரமும் ஓடினாள். மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்டார். அவள் பழைய டாக்டர் கொடுத்த சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினாள். ‘இவர் மேற்கண்ட நரம்பு நோயைச் சுமப்பவர் மட்டும்’ என்று அதில் இருந்தது.

“டாக்டரே ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாரேம்மா. மட்டும்னு போட்டிருக்கு பாருங்க,” என்றார் மேற்பார்வையாளர். கெட்ட மனிதர் இல்லை. படித்ததைச் சொன்னார். சரியான சான்றிதழ் வராவிட்டால் அடுத்த மாதம் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

அந்த ‘மட்டும்’ இந்த வீட்டுக்குப் புதிதல்ல. இரண்டு பெண்களுக்கும் நடுவே ஒரு பையன் இருந்தான். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் ஒரே வருஷத்தில் எழுத்தை மறந்தான், நடையை மறந்தான், பிறகு பேச்சும் போயிற்று, அவனும் போய்விட்டான். தாய்வழியில் வருகிற நோய், பையன்களைத்தான் தாக்கும், பெண்கள் சுமப்பவர்கள் மட்டும் என்றார்கள். அவன் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு கால் வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வார்கள்?

இப்போது வந்திருக்கும் புது டாக்டரம்மா வேறு மாதிரி. பெண்களுக்கும் வயது ஏற ஏற இது வரும் என்றார். “உங்க ஒருத்தர் காலை மட்டும் பாத்து எழுதினா முதுகுவலின்னு தள்ளிடுவாங்க. வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் நாள் எப்படிப் போகுதுன்னு எழுதி அனுப்புங்க. அதை வெச்சுக்கிட்டு நான் எழுதறேன்,” என்றார்.

பெரியவள் பேனா மூடியைக் கழற்றினாள்.

“அம்மா, நீ சொல்லு. நடக்கறது எப்படி இருக்கு?”

“பரவாயில்ல.”

“மாடிப்படி?”

“மாடியில எனக்கென்ன வேலை? கீழயே இருந்துட்டா பரவாயில்ல.”

“ராத்திரி?”

“கால் இழுக்கும். அப்புறம் விட்டுடும். பரவாயில்ல.”

“சித்தி, நீங்க?”

“எனக்கும் அதேதான்டி. மேற்படின்னு போட்டுக்கோ.”

“மேற்படின்னு எழுதினா எனக்கும் மேற்படின்னுதான் சர்டிபிகேட் வரும்.”

சமையலறை வாசலிலிருந்து கணவர் சொன்னார்: “அத்தை, என் பஸ்ல பிரேக் சரியாப் பிடிக்காதப்போ நானும் டிப்போல பரவாயில்லன்னுதான் சொன்னேன். மறுநாளும் அதையே என் தலையில கட்டிட்டாங்க.”

சித்தி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னை இதுல சேர்க்காதக்கா,” என்றாள் சின்னவள். செல்போன் கடையில் வேலை அவளுக்கு. “மேல்மாடி செக்‌ஷனுக்கு என்னை மேனேஜரா போடப்போறாங்க. எனக்கு ஒண்ணுமில்ல.”

“டெஸ்ட்ல உனக்கும்தானே இருக்கு?”

“இருக்கு. சுமக்கறேன். மட்டும்.”

“வாசல்ல கிடக்கற செருப்பு உன்னுதுதானே?” என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். “வலதுகால் முனை மட்டும் தேஞ்சு கிடக்கு.”

“மட்டமான செருப்பும்மா. ஏமாத்திட்டான் கடைக்காரன்.”

“அதே கடைக்காரன் உங்கம்மாவையும் பத்து வருஷமா ஏமாத்தினான்,” என்றாள் சித்தி. “சண்டைக்கே போயிட்டு வந்தா.”

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேற்கொண்டு கேட்டால் எழுந்து போய்விடுவாள் என்று பெரியவளுக்குத் தெரியும். தாள் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. எதை எழுதுவது? அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். நாற்காலி. கட்டில். ஸ்டூல். யாரும் சீண்டாத சோபா. அது வாங்கிய நாள்முதல் வருகிற விருந்தாளிகள்தான் அதில் உட்காருகிறார்கள்.

எழுதத் தொடங்கினாள். எழுதிய வரையில் வாசித்துக் காட்டினாள்:

“மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு. இதை எழுதும்போது யார் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை முதலில் தெரிவிக்கிறேன். எங்கள் வீட்டில் நல்ல சோபா ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் நாங்கள் உட்காருவதில்லை. அம்மா மர நாற்காலியில் இருக்கிறார்.”

“கைப்பிடின்னு சேத்துக்கோ,” என்றாள் அம்மா. “அதை அமுக்கித்தான் எந்திரிக்கறேன். கைப்பிடி இல்லாத வீட்டுக்கு நான் போறதையே விட்டுட்டேன்.”

இது பெரியவளுக்கே புதுச் செய்தி. எழுதினாள்.

“நான் சுவரைப் பிடிக்கறது அழகுக்குன்னு நினைச்சியா?” என்றாள் சித்தி. “கண்ணை மூடினா தரை எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியறதில்ல. மூஞ்சி கழுவ சோப்பு போட்டா தள்ளாடிடறேன். ஒரு கண்ணுக்குப் போட்டுக் கழுவி, அப்புறம் இன்னொரு கண்ணுக்கு. எழுதுடி, எழுது.”

பக்கம் நிறைந்தது. பெரியவள் தன் ஸ்டூலைப் பற்றி எழுதினாள், அட்டையைப் பற்றி எழுதினாள், ரயில் என்றால் என்ன என்று விளக்கினாள். கடைசியில், “தங்கை தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றுமில்லை,” என்று வாசித்து நிமிர்ந்தாள்.

“அப்படியே இருக்கட்டும்.”

“சரி. உறையை ஒட்டணும். அந்த அலமாரியில பசை இருக்கு, எடுத்துட்டு வா.”

சின்னவள் எழவில்லை.

“மாமா எடுக்கட்டுமே. சும்மாதானே நிக்கறாரு.”

சொல்லிவிட்டு ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். மறுகை சோபாவின் காலைத் தேடிப் பிடித்தது. சம்மணத்திலிருந்து ஒரு முழங்கால் பிரிந்தது. மற்றது பிரிய மறுத்தது. கணவர் சட்டென்று சமையலறைக்குள் திரும்பி, கழுவி வைத்த பாத்திரங்களை இன்னொரு முறை கழுவ ஆரம்பித்தார்.

“அக்கா.”

“என்ன?”

“ரயில்.”

பெரியவள் பலகையைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலை ஒதுக்கினாள். கை கொடுத்தாள். இழுத்தவளுக்கும் கால் ஊன்றவில்லை. “என் நாற்காலியைப் பிடி, என்னைப் பிடி,” என்று அம்மா உட்கார்ந்தபடியே இருவரையும் தாங்கினாள். சின்னவள் நிமிர்ந்து, சுவரைத் தடவிக்கொண்டே ஓடினாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது.

“எத்தனை நாளா?” என்றாள் சித்தி. யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சின்னவள் திரும்பி வந்து, தரையில் உட்காராமல் கட்டிலில் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னைப் பத்தின வரியை அடி.”

“அடிச்சா அசிங்கமா இருக்கும். பக்கத்தையே மறுபடி எழுதிடறேன்.”

“வேண்டாம். அடிச்சது தெரியட்டும். கீழ எழுது. மேனேஜர் ஆனா ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் படி ஏறணுமோன்னு பயமா இருக்கு. கீழ்க்கடையிலயே மேனேஜர் வேலை தரச் சொல்லிக் கேக்கலாமான்னு அவங்களையே கேளு.”

பெரியவள் ‘ஒன்றுமில்லை’ என்பதன்மேல் ஒற்றைக்கோடு இழுத்தாள். தங்கை சொன்னதைக் கீழே எழுதினாள். பிறகு தன் கோரிக்கை: மேஜையருகே ஒரு ஸ்டூல் போடவும், அட்டைக்குக் காத்திராமல் போய்வரவும் ஆலைக்கு எழுதித் தர வேண்டும், அதில் ‘மட்டும்’ என்ற சொல் இருக்கக் கூடாது. பெண்கள் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சித்தி தன் பெயருக்குக் கீழே ‘மேற்படி’ என்று எழுதப்போனாள். அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

“குடுங்க, டிப்போ போற வழியில போட்டுடறேன்,” என்றார் கணவர்.

“நாங்களே போறோம் மாமா. பக்கத்துலதானே,” என்றாள் சின்னவள்.

அம்மாவின் வார் வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு அவள் நடந்தாள். அக்காளின் முழங்கையை இவள் பிடித்தாளா, இவள் முழங்கையை அக்காள் பிடித்தாளா என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. தெருமுனைத் தபால்பெட்டி அருகே இருவரும் நின்றார்கள். சின்னவள் உறையின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தி, பசை காய்ந்துவிட்டதா என்று பார்த்து, உள்ளே போட்டாள்.