எண்ணூறு பேருக்கு நூடுல்ஸ்

எங்கள் தரையிறங்கு கப்பலில் படைவீரர்களுக்குச் சமைப்பவன் நான், காரமே சேர்க்காத குவாங்டோங் ஊர்க்காரன். வீரர்களில் பாதிப் பேர் ஹூனான்காரர்கள், காரம் இல்லாமல் சோறு இறங்காது.

"அண்ணே, இது நூடுல்ஸா, ஆஸ்பத்திரிக் கஞ்சியா?" என்று ஹூனான் வீரன் பெங் லியாங் தினமும் தட்டை நீட்டுவான்.

"வாயை மூடிட்டுத் தின்னுடா."

அவர்கள் மாலையில் கரையிறங்குவதாக இருந்த நாள், இருந்த மிளகாயை எல்லாம் அரைத்து எண்ணூறு பேருக்கான நூடுல்ஸில் கொட்டினேன். மதியம் ஒருவரும் வரவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் என் கூட்டாளி சியூ மட்டும் எட்டிப் பார்த்தான்.

"யாருக்குய்யா இவ்வளவு? காலையில பத்து மணிக்கே கப்பலோட பின்கதவைத் திறந்து எல்லாரையும் கரைக்கு அனுப்பியாச்சு. அறிவிப்பு கேக்கலையா?"

அடுப்படி இரைச்சலில் எது கேட்கும்?

பெங் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து தின்றேன். நாக்கு எரிந்தது. ஆனால் காரம் போதுமா என்று சொல்ல ஆளில்லை.