ஆனைக்கசம் வரைக்கும்

வேலந்தாவளம் முக்கில் வேன் ஏறும்போது சிஜு கேட்டான், "ரெண்டு பேர் மட்டும்தானா அம்மா? வேற ஆள் இல்லையா?"

"நாங்க ரெண்டு பேருதானுங்க," என்றாள் ஞானம். மருமகள் ஜானவியை சன்னலோரம் அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறையூர் முனியறை, ஆற்றுக் குளியல், மத்தியானச் சோறு எல்லாம் சேர்த்து ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலா. ஞாயிறுதோறும் சிஜு தன் வேனில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போவான். கூட்டத்தோடு போவதால் செலவு கம்மி. அன்றைக்கு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் கொஞ்சம் பேர், குழந்தைகளோடு ஒரு குடும்பம், காலேஜ் பையன்கள் என்று வேன் நிறைந்திருந்தது. எல்லார் மடியிலும் துண்டும் மாற்றுத்துணியும் வைத்த பை இருந்தது. ஞானமும் ஜானவியும் ஒன்றும் கொண்டு வரவில்லை.

போன வருஷம் இதே வேனில்தான் ஞானத்தின் மகன் பிரதீஷ் போனான். அவன் வேலை செய்த பைக் ஒர்க்‌ஷாப் பையன்களோடு போனான். ஜானவி அப்போது தன் அம்மா வீட்டு விசேஷத்துக்காகப் பொள்ளாச்சி போயிருந்தாள். ஆனைக்கசத்தில் பாறை மேலிருந்து குதித்தவனுக்குத் தண்ணீருக்குள் இருந்த கல் தலையில் பட்டுவிட்டது. ஆற்றில் பாறைகளுக்கு நடுவே ஆழமாகத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் அது. மேலே பார்த்தால் பச்சைக் கண்ணாடி மாதிரி அசையாமல் இருக்குமாம். போலீஸ், ஆசுபத்திரி எல்லாவற்றுக்கும் ஞானத்தின் கணவர் சென்னிமலைதான் போனார். ஞானமும், சேதி கேட்டு ஓடிவந்த ஜானவியும் எருத்தேன்பதியில் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்ததோடு சரி.

"ஒடனே போயிருச்சுங்கம்மா. அண்ணனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது," என்று ஒர்க்‌ஷாப் பையன்கள் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் ஞானம் இத்தனை மாதம் ஓட்டினாள். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. சோறு பொங்கும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அதையே மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

இப்போது ஜானவியைப் பெருமாட்டியிலிருந்து கேட்டு வந்திருந்தார்கள். பையன் பெயர் வினீஷ். தென்னந்தோப்பு இருக்கிறது, கெட்ட பழக்கம் இல்லை, நடந்ததெல்லாம் தெரிந்தேதான் கேட்கிறான். ஜானவியின் அப்பா அம்மாவுக்குச் சம்மதம். சென்னிமலையும், "நம்ம பொண்ணா இருந்தா வெச்சுட்டு உக்காந்திருப்பமா?" என்றார். ஞானமே ஜானவியிடம் பேச்சை எடுத்தாள்.

ஜானவி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "அந்த எடத்த ஒருக்கா பாக்கோணுங்க அத்தை. அவரு போன மாதிரியே போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்," என்றாள்.

சென்னிமலை வர மறுத்துவிட்டார். "நான் பாத்தது போதும். நீங்க ரெண்டு பேரும் போங்க."

உடுமலை தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் பையன்கள் பாட்டுப் போடச் சொன்னார்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் கைதட்டினார்கள். வழியில் யானை நின்றதைப் பார்த்து வண்டியே கூச்சலிட்டது. ஜானவி மட்டும் சன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முனியறை ஒரு மொட்டைப்பாறை மேல் இருந்தது. நாலு பக்கம் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய சின்னச் சின்ன அறைகள். சில இடிந்து சாய்ந்து கிடந்தன. கீழே பள்ளத்தாக்கில் கரும்புக்காடும், ஆலை போட்டு வெல்லம் காய்ச்சும் புகையும் தெரிந்தன.

சிஜு கை நீட்டி, மலையாளம் கலந்த தமிழில் விளக்கினான். "இதொக்கெ பண்டு காலத்துல, ஆயிரக்கணக்கான வருஷம் முந்தி, செத்தவங்களுக்காகக் கட்டினது. முனிவருங்க தவம் பண்ணின இடம்னும் சொல்லுவாங்க. கல்லு மேல யாரும் ஏறாதீங்க."

காலேஜ் பையன் ஒருவன் ஓர் அறைக்குள் புகுந்து, கைகளை மார்பில் கட்டிக் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டான். இன்னொருவன் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தான். ஜானவி சட்டென்று திரும்பி, பாறையின் மறுபக்கம் நடந்து போனாள். ஞானம் அவள் பின்னாலேயே போனாள். அங்கே வேறு யாரும் இல்லை. காற்று அடித்ததில் ஜானவியின் முந்தானை படபடவென்று அடித்துக்கொண்டது.

"ஏங்கண்ணு, திரும்பிப் போயரலாமா?"

"இல்லைங்க அத்தை. வந்தது வந்தாச்சு."

சிஜு அவர்களைத் தேடி வந்துவிட்டான். ஞானத்தின் முகத்தை உற்றுப் பார்த்தான். காலையிலிருந்து எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றிக்கொண்டிருந்தது அவனுக்கு. துக்கத்துக்கு எருத்தேன்பதி வந்தபோது பார்த்த முகம் என்பது இப்போதுதான் உறைத்தது.

"அம்மா... நீங்க பிரதீஷோட..."

"அம்மாதானுங்க. இது அவன் சம்சாரம்."

சிஜுவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் அன்னிக்கே சொன்னேன் அம்மா, மேல இருந்து சாடக்கூடாதுன்னு. சத்தியமா சொன்னேன்."

"உங்ககூடச் சண்டைக்கு வரலைங்க," என்றாள் ஞானம். "அந்த எடத்தக் காட்டுங்க. அது போதும்."

"இப்ப அங்கே யாரையும் விடறதில்ல. பஞ்சாயத்துல கம்பி வேலி போட்டாச்சு. ஆளுங்கள நான் கீழ, முட்டளவு தண்ணிக்குத்தான் கூட்டிப்போறேன்." ஆறு இருக்கும் திசையைக் கை காட்டினான். "வேலிக்கு இந்தப்புறம் நின்னு பாக்கலாம். நான் கூட்டிப் போறேன்."

மற்றவர்களைக் கீழே குளிக்க விட்டுவிட்டு, சிஜு இருவரையும் ஆற்றோரமாக மேலே அழைத்துப் போனான். பாதை முடியும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் டீக்கடை. அதற்கு அப்பால் வேலி. வேலிக்கு அப்பால் ஆனைக்கசம்.

யானை படுத்தது போன்ற பாறை. அதன் காலடியில் தண்ணீர். கேள்விப்பட்டதுபோலவே பச்சையாக, சலனமில்லாமல் இருந்தது. ஒரு சின்னப் பறவை தண்ணீரைத் தொட்டுவிட்டுப் பறந்தது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று ஞானம் நினைத்திருக்கவில்லை. அதைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஜானவி வேலிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

சிஜு டீக்கடைக்குள் போய் ஏதோ சொன்னான். உள்ளேயிருந்து ஒரு நடுவயதுப் பெண் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். பின்னால் ஒரு மெலிந்த ஆள்.

"இவங்க சிசிலி. இது சுவக்கீன் சேட்டன்," என்றான் சிஜு. "இவருதான் அன்னிக்குத் தண்ணியில இறங்கி பிரதீஷைத் தூக்குனது."

சுவக்கீன் சிசிலியின் கணவர், எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் கும்பிட்டார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

சிசிலி பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்கம்மா. இன்னைக்கு வருவீக, நாளைக்கு வருவீகன்னு இருந்தேன். யாருமே வரல."

"எங்களுக்கு இங்க உங்களையெல்லாம் தெரியாதுங்க," என்றாள் ஞானம். "அவன் ஒடனே போயிட்டான்னு பசங்க சொன்னாங்க. அதோட விட்டுட்டோம்."

சிசிலி சிஜுவைப் பார்த்தாள். சிஜு தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரு சொன்னா ஒடனேன்னு?" என்றாள் சிசிலி மெதுவாக.

ஜானவி வேலியிலிருந்து எழுந்து வந்தாள்.

"சொல்லுங்கக்கா," என்றாள். "எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"இவுக தூக்கிட்டு வரும்போது மூச்சு இருந்துச்சு தாயி. கூட வந்த பயலுக பயந்துபோயி அழுதுட்டு நின்னானுக. ஜீப்ல பின்னாடி நான்தான் ஏறுனேன். தம்பி தலைய என் மடியில வச்சுக்கிட்டேன். ரோடு மோசம். ஆஸ்பத்திரி போறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் போச்சு."

"வலிச்சுதா அவனுக்கு?" ஞானத்தின் குரல் அவளுக்கே வேற்றாள் குரல்போலக் கேட்டது.

"குளிருச்சு. கிடுகிடுன்னு நடுங்குச்சு. முந்தியப் போட்டுப் போத்துனேன். என் கைய இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு. நான் எனக்குத் தெரிஞ்ச செபத்தச் சொல்லிட்டே வந்தேன். உங்க சாமி எதுன்னு எனக்குத் தெரியலையேம்மா."

"ஏதாவது பேசினாரா?" என்றாள் ஜானவி.

சிசிலி அவளைப் பார்த்தாள். கழுத்தையும் நெற்றியையும் பார்த்தாள். இவள் யார் என்பது புரிந்துவிட்டது. ஒரு பெயரைச் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணின் கண் அதற்காகத்தான் காத்திருந்தது.

"பேசலம்மா," என்றாள் சிசிலி. "பொய் சொல்ல மாட்டேன். கண்ணத் தொறந்து என்னையே பாத்துட்டு இருந்துச்சு. யாருன்னு நெனச்சுதோ, தெரியல."

ஜானவி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழும் சத்தம் வெளியே வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

ஞானம் எழுந்து சிசிலியிடம் போனாள். "எந்தக் கைய பிடிச்சிருந்தான்?"

சிசிலி வலது கையை நீட்டினாள். காய்ப்பு ஏறிய, டீத்தூள் வாசம் அடித்த கை. ஞானம் அதை இரண்டு கைகளாலும் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். "என்ற சாமி... என்ற சாமி..." என்று அழுதாள். மகனைச் சொல்கிறாளா சிசிலியைச் சொல்கிறாளா என்று கேட்டவர்களுக்கு விளங்கவில்லை. துக்க வீட்டில்கூட அவள் இப்படி அழுததில்லை. கீழே ஆற்றில் குளிப்பவர்களின் சிரிப்பும் கூச்சலும் அங்கே வரை கேட்டுக்கொண்டே இருந்தன.

புறப்படும்போது சுவக்கீன் வேலி வரை வந்தார். "இன்னும் வெரசா எறங்கியிருக்கணும்மா," என்று மட்டும் சொன்னார்.

"நீங்க எறங்குனீங்களே," என்றாள் ஞானம்.

திரும்பி வரும்போது வேனில் பாட்டு இல்லை. சிஜு சொல்லியிருக்க வேண்டும். ஈரத்தலையோடு எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். முனியறைக்குள் படுத்த பையன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து ஜானவியிடம் நீட்டி, "சாரிக்கா," என்றான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டாள்.

சோதனைச்சாவடியில் வண்டி நின்றபோது ஜானவி ஞானத்தின் தோளில் சாய்ந்தாள்.

"அத்தை."

"என்னடா கண்ணு?"

"கடைசியா அவருக்கு என்ற நெனப்பு வந்துச்சா இல்லையான்னே தெரியல. அதுகூடத் தெரியாம நான் எப்படி இன்னொருத்தர் ஊட்டுக்குப் போவேன்? நான் போகலைங்க. உங்ககூடவே இருந்துக்கறேன்."

ஞானத்தின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. இந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை நாளும் உள்ளுக்குள் ஏங்கினோம் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. போ, போ என்று வாய் சொன்னபோதெல்லாம், போகமாட்டேன் என்று இவள் சொல்லிவிட வேண்டுமே என்று மனசு கிடந்து தவித்திருக்கிறது. இவள் இருந்தால் வீட்டில் அவன் கொஞ்சம் இருப்பான். அவன் சட்டையை மடித்துவைக்க இன்னொரு கை இருக்கும். சரி கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வண்டி கிளம்பியது. வெளியே மரங்கள் பின்னால் ஓடின.

"அவனுக்கு யாரு நெனப்பு வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது," என்றாள் கடைசியில். "இனி யாருக்கும் தெரியப்போறதில்ல. அதைத் தெரிஞ்சுட்டுத்தான் போவேன்னு நீ உக்காந்தீன்னா, என்னையாட்டம் ஆயிருவ. வேண்டாம். பெருமாட்டிக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிரலாம்."

"நெசமாத்தான் சொல்றீங்களா அத்தை?"

"ஆமா," என்றாள் ஞானம். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆவணியில் கோவிலில் வைத்துச் சுருக்கமாகக் கல்யாணம் நடந்தது. ஞானம் கூறைப்புடவை எடுத்துக் கொடுத்தாள். பந்தியில் பரிமாறினாள். ஜானவி காரில் ஏறும்போது மட்டும் கோவில் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள். அதற்கு அப்புறம் ஜானவி போன் பண்ணவில்லை. இவளும் பண்ணவில்லை. பேசினால் அழுதுவிடுவோம் என்று இருவருக்கும் பயம். சிசிலியிடம் மட்டும் ஞானம் எப்போதாவது பேசுவாள். ஒவ்வொரு தடவையும் அந்த ஜீப்பைப் பற்றிக் கேட்பாள். சிசிலியும் சலிக்காமல் முதலிலிருந்து சொல்வாள்.

மார்கழியில் வேலந்தாவளம் சந்தைக்குக் கன்று பார்க்க சென்னிமலையோடு போயிருந்தாள். கூட்டத்தில், "அத்தை!" என்று குரல். ஜானவிதான். சற்றே சதை போட்டிருந்தாள். கூட நின்ற வினீஷ் செருப்பைக் கழற்றிவிட்டு ஞானத்தின் காலைத் தொட வந்தான். அவள் பதறி விலகினாள்.

"இளைச்சுப் போயிட்டீங்க. நேரத்துக்குச் சாப்படறீங்களா இல்லையா?" என்று ஜானவி கையைப் பிடித்துக்கொண்டு அதட்டினாள். வாய் அதட்ட, கண் நிறைந்தது.

"ஊட்டுக்கு வந்துட்டுப் போகோணுங்கம்மா," என்றான் வினீஷ்.

"வர்றேனுங்க," என்றாள் ஞானம். போக மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். ஜானவிக்கும் தெரியும்.

அவர்கள் போனபின் சென்னிமலை வந்தார். "நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா."

"அப்பறம் எதுக்கு அழுவற?"

ஞானம் மாடுகளுக்கு நடுவே, போகிறவர் வருகிறவர் பார்க்க, முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு நின்றாள். சென்னிமலை அவளை ஒட்டி வந்து நின்றார். அன்றைக்கு அவர்கள் கன்று வாங்கவில்லை. பஸ்ஸில் எருத்தேன்பதி திரும்பும் வழியெல்லாம் அவர் அவள் கையை விடவே இல்லை.