மாரிராஜ் மூஞ்சியில் செய்த முகமூடி

பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில மாரிராஜ் ஒரு மத்தியானம் முழுக்க வாயைத் திறக்காம இருந்தான்னா, அது அந்த ஞாயித்துக்கிழமைதான். திறக்க முடியாதுல்லா! மூஞ்சி பூரா வேசலின், அதுக்கு மேல மைதாப் பசையில முக்கின பேப்பர் துண்டு ஏழு அடுக்கு. மூச்சு விட மட்டும் ரெண்டு ஓட்டை. வீடு இவ்வளவு அமைதியா இருக்கும்னு அவன் பெண்டாட்டி சுமதிக்கு அன்னைக்குத்தான் தெரியும். வேணும்னே இன்னும் ரெண்டு அடுக்கு சேத்து ஒட்டினா.

சுமதி சங்கரன்கோவில்ல ஒரு பள்ளிக்கூடத்துல கைவேலை டீச்சர். புதுசா வந்த தாளாளருக்குக் கைவேலைன்னாலே இளக்காரம். "செவ்வாய்க்கிழமை கண்காட்சியில உருப்படியா ஒண்ணு வைங்க. இல்லைன்னா அந்த பீரியடைக் கணக்குக்குக் குடுத்துருவேன்"னு சொல்லிட்டார். பீரியடு போனா சுமதியும் வீட்டோடதான். மூணு வருஷமா ஆசை ஆசையாப் பார்த்த வேலை.

லைப்ரரி புஸ்தகத்துல ஒரு ஆப்பிரிக்க முகமூடியோட படத்தைப் பார்த்து மயங்கிப்போயிருந்தா. நீள முகம், பாதி மூடின கண்ணு, சின்ன வாய், நெத்தியில வரிவரியாக் கோடு. ஏதோ பெரிய விஷயத்தை யோசிக்கிற ராணி மாதிரி அப்படி ஒரு களை. அதைப் பேப்பர்ல செய்யணும். அச்சுக்கு ஒரு மூஞ்சி வேணும்னதும், "என் மூஞ்சியை விட்டா இந்த ஊர்ல எது இருக்கு?"ன்னு மாரிராஜ் தானா வந்து உக்காந்தான். அவன் செல்போன் கடையில மூணு கண்ணாடி மாட்டியிருக்கான். மூணும் அவன் பாக்கத்தான்.

பேப்பர் இறுகினதும் கழட்டி, அட்டையில மூக்கை நீட்டி, காவியும் வெள்ளையும் அடிச்சு முடிச்சா. அவ வீட்டுல வெயில் விழாது. அதனால திங்கக்கிழமை காலையில, எதிர்த்தாப்புல வீடு கட்டுத பெருமாள்சாமி அண்ணாச்சியோட செங்கல் அடுக்கு மேல காய வச்சுட்டுப் பள்ளிக்கூடம் போனா. மாரிராஜும் சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிட்டான்.

சாயங்காலம் வந்தா செங்கல் இருக்கு, முகமூடியைக் காணோம். அண்ணாந்து பார்த்தா, அட பாவிகளா! மாடிக் கம்பியில ஒரு பக்கம் பூசணிக்காய், மறுபக்கம் படிகாரம், நடுவுல தேங்காநார்க் கயித்துல ஆடுதா ஆப்பிரிக்க ராணி.

"அண்ணாச்சி, அது என் முகமூடி!"

பெருமாள்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "திருஷ்டி பொம்மை மழையில கரைஞ்சு போச்சும்மா. கொத்தனார்தான் புதுசு வாங்கி வச்சிருக்காருன்னு நினைச்சேன். தேங்கா உடைச்சுச் சூடம் காட்டிக் கட்டியாச்சே! இனி கழட்டினா, அது வாங்கின கண்ணு பூரா வீட்டு மேலல்லா இறங்கும்?"

"காலையில கட்டினதுதான அண்ணாச்சி?"

"காலையில இருந்து எத்தனை பேரு நின்னு பார்த்துட்டுப் போறான் தெரியுமா? திருவேங்கடம் ஊருக்குப் போற பஸ்ஸே நின்னு போச்சு!"

"அது பயமுறுத்துத முகம் இல்ல, அழகு முகம்!"

"அழகுன்னா ரொம்ப நல்லது. எல்லாவனும் வீட்டை விட்டுட்டு அதைப் பாப்பான்."

சுமதிக்குப் பொலபொலன்னு கண்ணீர் வந்துட்டு. நாளைக்குக் கண்காட்சி, வேலை போயிரும்னு அழுதுக்கிட்டே சொன்னா. பெருமாள்சாமிக்கு மனசு கேக்கல. தாடையைச் சொறிஞ்சார்.

"ஒரு வழி இருக்கும்மா. இதே மூஞ்சி இன்னொண்ணு மாத்திக் கட்டினா தோஷமில்ல. வேற மூஞ்சின்னாத்தான் ஆகாது."

சுமதி சட்டுன்னு கண்ணைத் துடைச்சா. "இதே மூஞ்சிதான? அதோட அச்சு எங்க வீட்டுலதான் இருக்கு!"

பரண்ல அவ தம்பி கல்யாணத்துக்கு அடிச்ச பிளெக்ஸ் கிடந்துச்சு. அதுல மாப்பிள்ளையை விடப் பெருசா மாரிராஜ், கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிச்சுக்கிட்டு. சுமதி கத்தரிக்கோலை எடுத்துத் தலையை மட்டும் தனியா வெட்டினா. கைவேலை டீச்சர்லா, ஒரு முடிகூடப் பிசகல. மறுபடியும் ஒரு தேங்கா, மறுபடியும் சூடம். ராணி இறங்கினா, மாரிராஜ் ஏறினான்.

மறுநாள் கண்காட்சியில தாளாளர் அந்த முகமூடி முன்னால வந்து நின்னவர் நின்னவர்தான். பிள்ளைங்க கூட்டம் அவரை இடிச்சுக்கிட்டு நின்னுச்சு. விரலால கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். "பேப்பரா இது? எனக்கே செய்யணும் போல இருக்கே! கைவேலைக்கு இனி ரெண்டு பீரியடு எடுத்துக்கோங்க டீச்சர்." சுமதிக்குக் கால் தரையில பாவல.

ஆனா தெரு முக்குல வந்ததும் அப்படியே நின்னுட்டா. மதுரையில இருந்து வந்த மாரிராஜ் நடுத்தெருவுல நின்னு, பூசணிக்காய்க்கும் படிகாரத்துக்கும் நடுவுல தொங்குத தன் தலையையே வச்ச கண்ணு வாங்காமப் பார்த்துக்கிட்டு நிக்கான். அவ ஒண்ணும் மறைக்கல, நடந்ததை மளமளன்னு சொல்லிட்டா.

"ஏட்டி," குரலைத் தாழ்த்திக் கேட்டான், "இதை எத்தனை பேரு பார்த்திருப்பான்?"

"போற வாற எல்லாரும்தாங்க."

மாரிராஜ் பதறிப்போய்க் கன்னத்தைத் தடவினான். "அடிப்பாவி! அத்தனை கண்ணும் என் மூஞ்சியிலல்லா பட்டிருக்கும்! உள்ள வா, முதல்ல எனக்குச் சுத்திப் போடு."

வேலை நிலைச்ச சந்தோஷத்துல சுமதி கை நிறைய மிளகாயும் உப்பும் எடுத்து மூணு சுத்து சுத்தி அடுப்புல போட்டா. நெடி தாங்காம ரெண்டு பேரும் இருமிக்கிட்டே வாசலுக்கு ஓடினாங்க. கண்ணு பட்டிருந்தா மிளகாய் நெடி அடிக்காது, அது ஊருக்கே தெரியும்.

"பார்த்தியா, எம்புட்டு கண்ணு!"ன்னான் மாரிராஜ், கண்ணைத் துடைச்சுக்கிட்டு.

"ஆமாங்க, ரொம்ப"ன்னா சுமதி.