ஒருமுறை அறுத்த தாலி

"பொணத்தக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணி வந்திருச்சு. உங்காத்தாளக் கூட்டியாடி, தாலிய வாங்கணும்," என்று வாசலிலிருந்து கத்தினாள் சந்தனம்மாள். செத்துப்போன தவசிக்கு அக்காள்.

தவசியின் தலைமாட்டில் பஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். மகள் மொக்கம்மாள் எழுந்து நிலைப்படியை மறித்து நின்றாள்.

"எந்தத் தாலிய அத்தை?"

சண்டைக் காலத்தில் தவசிக்குக் கப்பலில் கரி அள்ளிப்போடும் வேலை. பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு அவர் போன திலாவா கப்பலை ஜப்பான்காரன் மூழ்கடித்தான். ஒருத்தரும் மிஞ்சவில்லை என்று போடிச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். அதை நம்பிப் பிணமில்லாமலே கருமாதி நடந்தது. பஞ்சம்மாளின் தாலியை அறுத்து வாங்கியது இதே அத்தைதான்.

தவசியோ பலகையைப் பிடித்து மிதந்து, வேறொரு கப்பல் தூக்கிவிட, பம்பாய் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்துப் பேய் என்று அலறினாள் அத்தை.

"பேயிக்குப் பசிக்குமாக்கா? எனக்குப் படைச்ச சோத்துல ஒரு வாயி மிச்சமிருந்தாப் போடு."

ஊரே சிரித்தது. ஆனால் அறுத்த கழுத்தில் மறுபடி தாலி ஏறக் கூடாதாம். தவசி யாரையும் கேட்கவில்லை. பெண்டாட்டியை வீரபாண்டிக்குக் கூட்டிப்போய் மாரியம்மன் முன்னால் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். புருஷனோடு சேர்ந்து நடந்து வந்தாலும் அத்தைக்கு அவள் தாலியறுத்தவள்தான். ஒரு விசேஷத்திலும் குங்குமம் நீட்டியதில்லை.

"அது வெறுங்கயிறுன்னு ஊரெல்லாம் சொன்னீக. வெறுங்கயித்த அறுக்க எதுக்கு இத்தன பேரு?" என்றாள் மொக்கம்மாள்.

"வாயப் பாரு! செத்துக் கெடக்கது என் தம்பிடி."

"உசுரோட இருந்தப்ப அவுக கட்டினத ஒருநா ஒத்துக்கிட்டீகளா?"

 

பஞ்சம்மாள் எழுந்து வந்து மகளை ஒதுக்கினாள். கயிற்றை மாராப்புக்குள் தள்ளிக்கொண்டாள்.

"இது அவுக எனக்குக் கட்டினது மதினி. இருந்துட்டுப் போகட்டும்."

பிறகு நீர்மாலைக் குடத்துக்குள் கையை விட்டாள்.

"சில்லுன்னு கெடக்கு. கடல்ல கெடந்து வந்ததுலருந்து பச்சத்தண்ணி பட்டா அவுகளுக்கு ஒடம்பு ஒதறும். கொஞ்சம் சுடவச்சு ஊத்துங்க."

"பொணத்துக்கு வெந்நியா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சந்தனம்மாள் அந்தப் பக்கம் முறைத்தாள். குடத்தைத் தானே இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சுள்ளியை ஒடித்து வைத்து, புகை கண்ணில் ஏற ஏற ஊதினாள். தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள்.

இன்னும் ஒரு சுள்ளி வைத்தாள்.