ரூபன்தான் வேணும்

டொலிடோவின் அமெரிக்கக் கால்பந்து அணி மேலாளர் வால்ட்டுக்கு முதலாளியம்மா கெடு வைத்திருந்தார்: அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் இந்த டிராஃப்டில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நல்ல குவார்ட்டர்பேக் சிக்காவிட்டால் வேலை காலி. தங்கள் முறை வந்தபோது வால்ட்டுக்குப் பசியில் கண் இருட்டியது. வழக்கமான ரூபன் சாண்ட்விச்சுக்காகக் கடைக்குப் பேசுவதாக நினைத்து, மேசையிலிருந்த இரண்டு தொலைபேசிகளில் தேர்வை லீக்குக்குச் சொல்லும் தொலைபேசியை எடுத்தார்.

"ரூபன்தான்யா வேணும், சீக்கிரம்!"

சொன்ன பெயரை மாற்ற முடியாது. டிவியில் ரூபன் டகெட் என்ற ஆட்டக்காரன் டொலிடோ தொப்பி மாட்டிக்கொண்டு ஆனந்தத்தில் அழுதான். பந்தை உதைக்கிறவன். கால்பந்து என்று பேர்தான், பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற ஆட்டம்; உதைக்கிறவனை அங்கே ஒருவரும் சீந்துவதில்லை.

"யாருய்யா இவன்?" என்று சீறினார் முதலாளியம்மா.

"மூணு வருஷமா கண்ணு வெச்சிருந்தேன், மேடம்."

மற்ற தொலைபேசி அடித்தது. அந்தம்மாவே எடுத்தார்.

"சாண்ட்விச் கடைங்க. வழக்கம்போல ரூபன்தானே?"

முதலாளியம்மா தொலைபேசியை வைத்துவிட்டு வால்ட்டின் தோளைத் தட்டினார். "கடைக்காரன்கூட கணிச்சிருக்கான், வால்ட்! எனக்குத்தான் தெரியல."